குதிரைக்குட்டியின் தொப்புளில் வீக்கம்: கீறலாமா?

கேள்வி: எங்கள் குதிரை ஈன்ற பெட்டைக்குட்டிக்கு மூன்று மாதம் ஆகிறது. தொப்புளில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். மல்லாந்து படுத்தால் மறைகிறது, நின்றால் தொங்குகிறது. சீழ்க்கட்டிதான், கீறிவிடலாம் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். இன்னொருவர் ரப்பர் வளையம் போடச் சொல்கிறார். என்ன செய்வது?
– ஒரு விவசாயி, அந்தியூர்

பதில்: பிளேடைக் கீழே வையுங்கள். படுத்தால் மறைகிற வீக்கம் சீழ்க்கட்டி அல்ல, தொப்புள் குடலிறக்கம். கொடி இருந்த இடத்தில் வயிற்றுச் சுவர் மூடாமல் நின்றுவிட, அந்த ஓட்டை வழியே கொழுப்போ குடலோ தோலுக்கடியில் இறங்குகிறது. கீறினால் சீழுக்குப் பதில் குடல் வந்து நிற்கும்.

ஒருவர் குட்டியைப் பிடித்துக்கொள்ள, வீக்கத்தை மெல்ல உள்ளே தள்ளுங்கள். ஓட்டையின் விளிம்பு வளையமாகத் தட்டுப்படும். இரண்டு விரல் அளவுக்குள் இருந்தால் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும். அதைவிடப் பெரிதாக இருந்தாலோ, ஆறு மாதமாகியும் சுருங்காவிட்டாலோ அறுவை சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அதுவரை தினமும் ஒரு முறை தள்ளிப் பார்ப்பதுதான் உங்கள் வேலை.

ஒரு நாள் வீக்கம் கெட்டியாகி, சூடாகி, உள்ளே போக மறுத்தால் குடல் சிக்கிவிட்டது என்று பொருள். குட்டி வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், புரளும், பால் குடிக்காது. அப்போது மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. சில நேரம் குடலின் ஒரு பக்கச் சுவர் மட்டும் வளையத்தில் மாட்டிக்கொள்ளும். வழி அடைபடாததால் லத்தி வழக்கம்போல் விழும். 'லத்தி போடுகிறதே' என்று இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். சிக்கிய இடம் அழுகி, தோலும் ஓட்டையாகி, குடல் கழிவு வெளியே ஒழுகத் தொடங்கும்.

ரப்பர் வளையம் மருத்துவர்கள் சிறிய குடலிறக்கத்துக்குப் போடுவதுதான். பையில் குடல் இல்லை என்று உறுதிசெய்த பிறகே போடுவார்கள். நீங்களாகப் போட்டால் குடலையும் சேர்த்து நெரித்துவிடும் ஆபத்து உண்டு. துணிக்கட்டு நழுவித் தோலை உரசுமே தவிர, அதை நம்ப முடியாது.

வீக்கம் ஈரமாகவோ காய்ச்சலோடோ இருந்தால் தொப்புளில் கிருமித் தொற்றும் இருக்கலாம். ஸ்கேன் பார்த்தால் தெரியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான். வண்டியில் தாய்க்குதிரையையும் சேர்த்தே ஏற்றுங்கள். பிரித்தால் குட்டி முரண்டு பிடிக்கும், முக்க முக்க வீக்கம் இன்னும் இறங்கும்.