தொடை இடுக்கில் உள்ளே வளரும் முடி: என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு வயது 26. அந்தரங்கப் பகுதியில் ஷேவ் செய்த இரண்டு மூன்று நாளில் தொடை இடுக்கில் சிவந்த பருக்கள் வருகின்றன. சிலவற்றில் சீழ் வைக்கிறது. கிள்ளிப் பார்த்தால் உள்ளே முடி சுருண்டு கிடக்கிறது. மருந்துக்கடையில் தந்த க்ரீமைப் போட்டால் அடங்கி, மறுபடி வருகிறது. இடமே கறுத்துவிட்டது. பால்வினை நோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உள்ளே முடி சுருண்டு கிடப்பதையும் ஷேவ் செய்த பிறகே பருக்கள் வருவதையும் வைத்துப் பார்த்தால், இது பெரும்பாலும் தோலுக்குள் திரும்பி வளரும் முடிதான். பால்வினை நோய் அல்ல, யாருக்கும் தொற்றாது.

அந்த இடத்து முடி இயல்பிலேயே சுருள். தோலை இழுத்துப் பிடித்து ஒட்ட மழிக்கும்போது, கூராக வெட்டுப்பட்ட நுனி தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. திரும்ப வளரும்போது வெளியே வராமல் பக்கவாட்டில் தோலைக் குத்துகிறது. உடல் அதை முள் தைத்ததைப் போல எடுத்துக்கொண்டு எதிர்க்கிறது. அந்த வீக்கம்தான் பரு. மூன்று, ஐந்து பிளேடு உள்ள ரேசர்கள் முடியை இழுத்து வெட்டுவதால் இது இன்னும் கூடும். வேக்ஸிங்கிலும் முடி பாதியில் அறுந்தால் இதே கதைதான்.

முதல் வேலை, மூன்று நான்கு வாரம் ரேசரைத் தொடாமல் இருப்பது. முடி கொஞ்சம் நீண்டாலே பெரும்பாலான பருக்கள் தானாக விடுபடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம், தினம் இரண்டு மூன்று முறை ஒத்தி வையுங்கள். கிள்ளுவதும் பிதுக்குவதும் வேண்டவே வேண்டாம்; கறுப்பும் தழும்பும் அதிலிருந்துதான் வருகின்றன. முடியின் வளைவு மேலே தெளிவாகத் தெரிந்தால் மட்டும், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் நுனியை மெல்ல வெளியே எடுத்துவிடுங்கள். வேரோடு பிடுங்காதீர்கள், அடுத்த முடியும் உள்ளேயே மாட்டும். டெட்டாலை அப்படியே தடவுவதும் வேண்டாம், தோல் வெந்துவிடும்.

அந்த மருந்துக்கடை க்ரீம்தான் எனக்குக் கவலை. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த க்ரீம்கள் நம் ஊரில் சீட்டு இல்லாமலே கிடைக்கின்றன. ஸ்டீராய்டு சிவப்பை உடனே அடக்கும், அதனால் குணமானது போலத் தெரியும். ஆனால் தொடை இடுக்கின் மெல்லிய தோலில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும், அது மறையாது. படர்தாமரை இருந்தால் இன்னும் பரவும். டியூபில் குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன் என்று ஸ்டீராய்டின் பெயர் இருந்தால், எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்பதைத் தோல் மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

சரி, இனி வராமல் இருக்க? ட்ரிம்மருக்கு மாறுங்கள். தோலிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முடி மிஞ்சியிருந்தால் அது உள்ளே திரும்ப வழியில்லை. சுத்தத்துக்காக மழித்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன்புகூட, முடியை நீக்கியே ஆக வேண்டுமென்றால் ரேசர் வேண்டாம், கிளிப்பர் போதும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மழித்துத்தான் ஆக வேண்டும் என்றால், வெந்நீரில் குளித்த பிறகு ஜெல் தடவி, ஒற்றை பிளேடால், முடி வளரும் திசையில், தோலை இழுக்காமல், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டாமல் மழியுங்கள். அப்புறம் ஓரிரு நாள் தளர்வான பருத்தி உள்ளாடை. வியர்வையோடு இறுக்கமான ஜீன்ஸில் நாள் முழுக்க வண்டி ஓட்டினால் உரசலே பாதி வேலையைச் செய்துவிடும்.

இது அடிக்கடி வந்துகொண்டே இருந்தால் லேசர் நல்ல வழி. நம் நிறத் தோலுக்கு என்டி-யாக் வகை பாதுகாப்பானது. பல அமர்வுகள் தேவைப்படும். கறுப்பு மெல்ல மங்கும், சில மாதம் ஆகலாம். ஸ்க்ரப் போட்டுத் தேய்க்காதீர்கள்.

காய்ச்சல், பரவும் சிவப்பு, நடக்க முடியாத வலியுள்ள கட்டி இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து எரிந்து புண்ணானால் அது வேறு நோய். ஷேவ் செய்யாதபோதும் இடுக்கிலும் அக்குளிலும் ஆழமான கட்டிகள் மாறி மாறி வந்தால் அதற்கும் தனி சிகிச்சை உண்டு. கூடவே சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். தோல் மருத்துவர்கள் இதைத் தினமும் பார்க்கிறவர்கள்தான், கூச்சம் வேண்டாம். பெண் மருத்துவர்தான் வேண்டும், ஆண் மருத்துவர்தான் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்கலாம்.