ஒரே கம்பெனி, இரண்டு பாகுபாடு: ஒரே புகார் போதுமா?

கேள்வி: அம்பத்தூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை செய்கிறேன். என்னோடு அதே மெஷினில் நிற்கும் ஆண்களுக்கு மாதம் 3,000 ரூபாய் அதிகம். பட்டியல் சாதியைச் சேர்ந்த என் தோழியை சூப்பர்வைசர் சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறார். இருவரும் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், தனித்தனியாகக் கொடுங்கள். அரசியல் சட்டத்தின் 15, 16-வது பிரிவுகள் இனம், சாதி, பால் எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்கின்றன. ஆனால் வேலை விஷயத்தில் அவற்றை வைத்து அரசைத்தான் கேட்க முடியும். தனியார் கம்பெனியில், பெண் என்பதால் சம்பளம் குறைத்தால் தொழிலாளர் சட்டம். சாதி சொல்லி இழிவுபடுத்தினால் குற்றவியல் சட்டம். இரண்டுக்கும் போகும் இடம் வேறு, கேட்கும் ஆதாரமும் வேறு.

முதலில் உங்கள் சம்பளம். 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. 'அவர் ஆபரேட்டர், நீங்கள் ஹெல்பர்' என்று நிர்வாகம் சொல்லும். பதவிப் பெயரை வைத்து மட்டும் சட்டம் முடிவு செய்வதில்லை; திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவை ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும். எனவே ஷிப்ட் அட்டவணை, உற்பத்திப் பதிவு, நியமன ஆணை, சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்துத் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் விசாரித்தால் உங்கள் பகுதி அதிகாரி யார் என்று தெரியும். கோரிக்கைக்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு. அந்த ஆண்களுக்கு உங்களைவிட அனுபவம் மிக அதிகம் என்றால் மனு நிற்பது கடினம்.

தோழிக்கு 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், முதல்கட்ட விசாரணை முடியட்டும் என்று காக்க வைக்காமல் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், 2018 திருத்தம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. சென்னையில் உதவி ஆணையர் நிலை அதிகாரிதான் புலனாய்வு செய்வார்.

இந்த வழக்குகள் பெரும்பாலும் உடைவது 'பொதுமக்கள் பார்வையில் படும் இடம்' என்ற நிபந்தனையில். மூடிய அறையில், வெளியார் யாரும் இல்லாதபோது திட்டியது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது. ஆகவே எந்தத் தேதி, எத்தனை மணி, யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்று எழுதுங்கள். 'சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்' என்று மட்டும் எழுதினால் போதாது. கூசினாலும், அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். சாதிச் சான்றிதழ் நகலையும் இணையுங்கள். கிறிஸ்தவத்துக்கு மாறியவருக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து இல்லை. திட்டியவரும் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்தவர் என்றாலும் இந்தச் சட்டம் பொருந்தாது.

சாதி பார்த்துச் சம்பளத்தைக் குறைத்தால் வித்தியாசத்தைக் கேட்டு வாங்க, ஊதியச் சட்டத்தில் பெண்களுக்கு உள்ளதுபோல் ஒரு பிரிவு இல்லை. இது பெரிய அநியாயம், திருத்தப்பட வேண்டியது. இப்போதைக்கு, தோழிக்கும் அதே வேலை செய்யும் ஆண்களைவிடச் சம்பளம் குறைவு என்றால், உங்கள் ஊதிய மனுவில் அவரும் பெண் என்ற முறையில் கையெழுத்திடலாம்.