எட்டில் ஒன்று தேறியது, அதையே முதன்மை முடிவாக்கலாமா?

கேள்வி: மயக்கவியல் எம்.டி. மாணவி நான். மூட்டு மாற்று அறுவைக்குப் பிந்தைய வலிக்கு இரண்டு மரப்பு முறைகளை ஒப்பிட்டேன். 24 மணி நேர வலி மதிப்பெண்தான் முதன்மை விளைவு, அதாவது ஆய்வின் வெற்றியைத் தீர்மானிக்க முன்கூட்டியே குறித்த அளவு. வாந்தி, தூக்கம், நடந்த தூரம் என்று மொத்தம் எட்டு அளந்ததில் நடந்த தூரத்துக்கு மட்டும் பி வேல்யூ 0.03 வந்தது. அதையே முதன்மை ஆக்கிவிடலாம் என்கிறார் புள்ளியியல் செய்து தருபவர். செய்யலாமா?

பதில்: வேண்டாம்மா. பி வேல்யூ என்பது, உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு. அது 0.05க்குக் கீழே வந்தால் 'தேறியது' என்கிறோம், ஆனால் அந்த வரம்பு ஒரே ஒரு கேள்விக்கானது. உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இருபதில் ஒரு தடவை 'இருக்கிறது' என்று அது காட்டிவிடும். எட்டைத் தனித்தனியாகச் சோதித்தால், அவை ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், ஏதாவது ஒன்று இப்படிப் பொய்யாகத் தேறும் வாய்ப்பு சுமார் 34 சதவீதம். பல சோதனைகள் செய்யும்போது வரம்பை இறுக்கும் போன்பெரோனி கணக்கில் 0.05ஐ எட்டால் வகுத்து 0.00625 என்பார்கள். பி வேல்யூக்களைச் சிறியதிலிருந்து படிப்படியாகச் சோதிக்கும் ஹோம் முறை கொஞ்சம் தாராளம், ஆனால் அதுவும் ஆகச் சிறிய பி வேல்யூவை முதலில் இதே 0.00625 உடன்தான் ஒப்பிடும், ஆகவே உங்கள் 0.03 முதல் படியிலேயே நின்றுவிடும்.

அந்தப் புள்ளியியல்காரரிடம் ஒன்று கேளுங்கள்: மொத்தம் எத்தனை சோதனை ஓட்டினீர்கள்? கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்திலேயே பேக்கேஜ் ரேட்டில் தீசிஸ் முடித்துத் தரும் ஆட்கள், கிடைத்ததையெல்லாம் மென்பொருளில் போட்டு ஓட்டி, தேறியதை மட்டும் அட்டவணையாக்கித் தருவார்கள், தேறாதது உங்கள் கண்ணுக்கே வராது. பெரிய இடத்திலும் இதுதான் நடந்தது. வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வுக்கு பராக்ஸெட்டின் நல்லது என்று 2001இல் வெளியான 'ஸ்டடி 329' ஆய்வின் திட்டத்தில் எழுதியிருந்த எட்டு விளைவுகளில் ஒன்றில்கூட மருந்து போலி மாத்திரையை வெல்லவில்லை, பிறகு சேர்த்தவற்றை வைத்துத்தான் கட்டுரை வெற்றி பேசியது. 2015இல் மறுபடி அலசியபோது பலன் இல்லை, தீங்கு உண்டு என்று தெரிந்தது.

ஒரு விலக்கு உண்டு, இதில்தான் பலர் குழம்புகிறார்கள். இரண்டு முதன்மை விளைவுகளை வைத்து 'இரண்டுமே தேறினால்தான் வெற்றி' என்று முன்கூட்டியே எழுதியிருந்தால் 0.05ஐ வகுக்கத் தேவையில்லை. பல அல்சைமர் மருந்துச் சோதனைகளில் நினைவாற்றலும் அன்றாடச் செயல்பாடும் சேர்ந்து தேற வேண்டும் என்பது இந்த வகை. இரண்டுமே வரம்பைத் தாண்ட வேண்டியிருப்பதால் பொய்யாக ஜெயிக்கும் வாய்ப்பு 0.05ஐ மிஞ்சாது, அதனால்தான். ஆனால் விலையை வேறு இடத்தில் கொடுக்கிறோம்: ஒவ்வொன்றுக்கும் 80 சதவீத பவர் (உண்மையில் வித்தியாசம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்றால், சாராதவையாக இருக்கும்போது, இரண்டும் சேர்ந்து தேறும் வாய்ப்பு 64 சதவீதம்தான், அதற்கேற்ப நோயாளி எண்ணிக்கை கூட வேண்டும். 'இரண்டில் ஏதாவது ஒன்று போதும்' என்றால் இந்தச் சலுகை கிடையாது. முடிவைப் பார்த்த பிறகு 'இரண்டும்' என்று மாற்றினாலும் கிடையாது.

நம் ஊரில் ஒப்புதல் படிவத்தின் கமாவைக்கூடத் திருத்தச் சொல்லும் நெறிமுறைக் குழுக்கள், திட்டத்தில் எழுதியதும் தீசிஸில் வந்ததும் ஒன்றா என்று பார்ப்பதில்லை. தேர்வாளரும் நேராக பி வேல்யூ பக்கத்துக்குத்தான் போவார். அப்புறம் மாணவர்கள் வேறென்ன செய்வார்கள்?

உங்கள் முதன்மை விளைவில் வித்தியாசம் தெரியவில்லை என்று அதன் நம்பக இடைவெளியோடு (கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்) எழுதுங்கள். எட்டையும் ஒரே அட்டவணையில் போட்டு, நடந்த தூரத்தை 'இரண்டாம் நிலை, இனி தனியாகச் சோதிக்க வேண்டியது' என்று குறியுங்கள். வழிகாட்டி முகம் சுளித்தால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐயில் உள்ள உங்கள் பதிவில் முதன்மை விளைவு என்று போட்டிருப்பதை எடுத்துக் காட்டுங்கள், அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவு.