கறுப்பை எங்கே வைப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பது பற்றி மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நிறையப் பேருக்கு உள்ளே ஒரே பயம்தான் இருக்கிறது, படத்தில் எங்காவது இருட்டு விழுந்துவிட்டால் படம் கெட்டுப்போச்சு என்று நினைக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்காமல் மற்றதைப் பேசிப் பயனில்லை என்பதால் சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

திருமலை நாயக்கர் மகாலில் மத்தியானம் பன்னிரண்டு மணிவாக்கில் போனில் எடுத்த படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். எல்லாமே சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. கான்ட்ராஸ்டைக் கூட்டினால் தூண் வெளுத்துப் போகிறது, வானம் காணாமல் போகிறது. என்ன செய்யலாம் சார்?
(கல்லூரி மாணவர், வில்லாபுரம்)

முதலில் போகிற நேரத்தை மாற்றுங்கள் தம்பி. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே கிட்டத்தட்ட 10 டிகிரியில் இருக்கிறது நம் ஊர். அதனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேலே வந்து நிற்கும், தூணின் நிழல் தூணின் காலடியிலேயே சுருங்கிவிடும். உருண்டையான தூண் உருண்டையாகத் தெரிவதற்கு ஒரு பக்கம் வெளிச்சம், அதிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி மறுபக்கம் இருட்டு என்று இருக்க வேண்டும், உச்சி வெயில் அதைத் தராது. மார்கழியில் போனால் கதை வேறு, டிசம்பர் கடைசியில் அதே நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 33 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும், முற்றத்தில் நிழல் நீளமாக விழும். அதுவரை காத்திருக்க முடியாதென்றால் காலையில் மகால் திறந்தவுடன் போங்கள், இல்லையென்றால் மாலையில் மூடுவதற்கு முந்தைய நேரம்.

அப்புறம், முற்றத்தின் நடுவில் நின்று எடுக்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள், அங்கிருந்து பார்த்தால் எல்லாத் தூணுக்கும் ஒரே அளவு வெளிச்சம். தூண்வரிசைக்குள் நிழலில் போய் நின்று, வெயில் விழுந்த எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். உங்களுக்குப் பக்கத்துத் தூண்கள் கிட்டத்தட்டக் கறுப்பாகவும், தூரத்தில் இருப்பவை பளீரென்றும் தெரியும். இப்போது அந்தக் கறுப்பு உங்கள் கையில் இருக்கிறது, ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் அது படத்தில் பாதியை மறைக்கும், ஓரடி பின்னால் போனால் ஒரு சட்டம் மாதிரி சுற்றி நிற்கும். எந்த இடத்தில் எவ்வளவு கறுப்பு வேண்டும் என்று இங்கேயே முடிவு செய்துவிட்டால், பிறகு கான்ட்ராஸ்ட் ஸ்லைடருக்கு வேலை ரொம்பக் குறைவு.

எக்ஸ்போஷருக்கு, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவுக்கு, போன் திரையில் வெயில் விழுந்த தூணைத் தொட்டு, அதன் சுதை வேலைப்பாடு தெளிவாகத் தெரிகிற வரை பிரகாசத்தைக் கீழே இழுங்கள். டிஜிட்டலில் வெளுத்துப்போன இடத்தில் எந்த விவரமும் பதிவாகியிருக்காது, அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. நிழலை மட்டும் ஓரளவு தூக்கிக்கொள்ளலாம்.

வானத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்னாப்சீட் போன்ற செயலிகளில் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று வண்ண வடிகட்டிகள் இருக்கும். ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்தால் நீல வானம் கறுக்கும், வெளிர்மஞ்சள் சுவரும் தூணும் வெளுப்பாகவே நிற்கும். படத்தை வண்ணத்தில் எடுத்துப் பின்னால் மாற்றினால்தான் இது முடியும், கேமராவின் மோனோ (நேரடிக் கறுப்பு வெள்ளை) முறையில் எடுத்துவிட்டால் முடியாது. ஆனால் வானம் உண்மையிலேயே நீலமாக இருக்க வேண்டும். புழுக்கத்தில் வெளிறிக் கிடக்கிற சித்திரை வானத்தை எந்த வடிகட்டியும் கறுப்பாக்காது, அன்றைக்கு வானத்தை விட்டுவிட்டுத் தரையில் விழும் நிழலை எடுங்கள்.

எங்கள் வீட்டுக் காளை நல்ல கறுப்பு. படத்தில் மட்டும் சாம்பலாக வருகிறது. ஏன்?
(வாசகர், வாடிப்பட்டி)

கேமராவுக்குக் காளையும் தெரியாது சுண்ணாம்புச் சுவரும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக, அதாவது விழுகிற ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு பொருளாக எண்ணித்தான் அளக்கிறது. அதனால் படம் முழுக்கக் கறுப்புக் காளை நின்றால் ஒளியைக் கூட்டிச் சாம்பலாக்கும், வெள்ளைக் காளை நின்றால் குறைத்து அதையும் சாம்பலாக்கும். கறுப்புக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் குறையுங்கள், வெள்ளைக்கு அதே அளவு கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும், கூட்டினால் இரண்டு மடங்காகும்).

பின்னணியையும் பாருங்கள். இருட்டுத் தொழுவத்துக்கு முன்னால் கட்டிவைத்து எடுத்தால் காளை அதற்குள்ளேயே கரைந்துவிடும். வெயில் விழுந்த வைக்கோல் போருக்கு முன்னால் நிறுத்தினால் திமிலும் கொம்பும் கத்தரித்து வைத்த மாதிரி நிற்கும். காலை வெயில் பின்பக்கவாட்டில் இருந்தால் திமிலின் மேல் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும், அந்தக் கோடு இருந்தால் இருட்டுத் தொழுவம்கூடப் பரவாயில்லை.

அப்பத்தாவுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. கறுத்த நிறம், வெள்ளைச் சேலைதான் உடுத்தும். திண்ணையில் உட்கார வைத்து எடுத்தால் முகம் தெரிய மாட்டேன் என்கிறது. முகத்துக்கு வெளிச்சம் கூட்டினால் சேலை விவரமே இல்லாமல் வெளுத்து எரிந்துவிடுகிறது, முகமும் ஏதோ பவுடர் பூசினாற்போல் ஆகிறது. ஸ்டுடியோவில் கேட்டேன், "கலரைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறேன்" என்கிறார்கள். எனக்கு அது வேண்டாம்.
(பெண் வாசகர், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம்)

வேண்டாம் என்று சொன்னீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நம் ஊரில் கல்யாண ஆல்பம் தொடங்கி இறந்தவர் படம் வரைக்கும் எல்லா முகத்தையும் வெளுக்கிற பழக்கம் ஊறிப்போயிருக்கிறது, அது எனக்கு ஒப்பவே ஒப்பாது. அப்படி வெளுத்த முகத்தில் அந்த ஆள் இருக்கவே மாட்டார்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி அமெரிக்காவில் வகுத்த முறை ஒன்று உண்டு, முழுக் கறுப்பை 0 என்றும் வெறும் வெள்ளைத் தாளை 10 என்றும் வைத்து நடுவில் உள்ள சாம்பல்களைப் படிப்படியாக எண்ணுவார்கள். அதில் வெள்ளைக்காரர் முகத்தை 6-ஆம் படியில் வைப்பது வழக்கம். உங்கள் அப்பத்தாவின் முகம் 4-க்கும் 5-க்கும் நடுவில் இருக்க வேண்டியது. அதை 6-க்குத் தூக்குவதைத்தான் ஸ்டுடியோக்காரர் "கலரைத் தூக்குவது" என்கிறார். 4-ஆம் படியில் விவரம் எல்லாமே தெரியும், கண்ணோரச் சுருக்கம், நெற்றி மேடு, உதட்டோர வெற்றிலைக் கறை எதுவும் தொலையாது. இருட்டாக இருப்பதும் தெரியாமல் போவதும் ஒன்றில்லை.

கறுத்த தோலில் உருவம் தெரிவது பெரும்பாலும் அதன் மேல் படும் மினுமினுப்பால்தான். கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, நெற்றி என்று ஒளி பட்டுத் திரும்பும் இடங்கள்தான் முகத்தை வரைகின்றன. திண்ணையில் எதிர்வெயில் தரையிலும் தெருவிலும் பட்டு எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வருகிறது, அதனால் அந்த மினுமினுப்பு எந்த இடத்திலும் கூடி நிற்பதில்லை. அதனால் அப்பத்தாவைத் திண்ணையை விட்டு வீட்டுக்குள் கூட்டிப் போங்கள். வாசல் கதவை முழுக்கத் திறந்து, நிலையிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி, வாசல் அவருடைய ஒரு பக்கவாட்டில் வரும்படி உட்கார வையுங்கள். வெயில் நேராக மேலே விழக் கூடாது, வெளிச்சம் மட்டும் வர வேண்டும். வாசலுக்குக் கிட்ட இருப்பதால் முகத்துக்கு ஒளி நிறைய விழும், பின்சுவர் பத்துப் பன்னிரண்டு அடி உள்ளே இருந்தால் அங்கே போய்ச் சேரும் ஒளி மிகக் குறைவு, அது தானாகவே கறுத்துவிடும். அந்தக் கறுப்புக்கு முன்னால் 4-ஆம் படி முகம்கூட வெளிச்சமாகத் தெரியும். பின்னணியை அப்படி இறக்கிவிட்டால் முகத்தை ஏற்ற வேண்டிய தேவையே வராது.

தலையை மெல்ல வாசல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள், மறுபக்கக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக ஒளி விழும் வரைக்கும். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் தன் ஓவியங்களில் நிறையப் பயன்படுத்தியதால் அவர் பெயரிலேயே வழங்கும் வெளிச்சம் இது. மறுபக்கம் ரொம்ப இருட்டாகிவிட்டால் வேட்டி ஒன்றை விரித்து யாரையாவது அந்தப் பக்கம் பிடித்து நிற்கச் சொல்லலாம், ஆனால் இரண்டடிக்குள் கொண்டுவர வேண்டாம், நிழல் கரைந்து மறுபடியும் திண்ணை வெளிச்சம் ஆகிவிடும்.

சேலைதான் பெரிய சிக்கல். போனில் கன்னத்தைத் தொட்டால் போன் கன்னத்தைச் சாம்பலாக்கப் பார்க்கும், சேலை எரியும். கன்னத்தைத் தொட்டுப் பிடித்துப் பூட்டிவிட்டு, சேலையின் நூலோட்டம் திரையில் தெரிகிற வரை பிரகாசத்தைக் கீழே இழுங்கள். அப்படியும் எரிந்தால் வாசல் பக்கத் தோளில் ஒரு பழைய கறுப்புப் போர்வையைப் போட்டுப் பாருங்கள், அல்லது முந்தானை நிழல் பக்கம் வரும்படி கொஞ்சம் திருப்பி உட்கார வையுங்கள்.

முகத்தில் கிரீம், பவுடர் எதுவும் வேண்டாம். வழக்கமாகத் தலைக்கு எண்ணெய் வைப்பவர் என்றால் வைத்தபிறகு எடுங்கள், நெற்றியிலும் வகிட்டிலும் ஒளி நன்றாக ஏறும். காதில் தண்டட்டி போட்டிருக்கிறாரா? அது இருந்தால் வாசல் பக்கக் காது கேமராவுக்குத் தெரியும்படி உட்கார வையுங்கள். படத்தில் அதிகம் பளிச்சிடும் புள்ளி அதுவாக இருந்தால், சேலையின் வெள்ளை எவ்வளவு பெரிதானாலும் கண் காதோரம் போய் அங்கிருந்து முகத்துக்கு வந்துவிடும்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தூண்களைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க ஆசை. அனுமதி கிடைக்குமா?
(வாசகர், திருமங்கலம்)

கேமராவோ செல்போனோ உள்ளே கொண்டுபோக முடியாது. வெளியிலிருந்து கோபுரத்தை எடுக்கலாம், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோபுரச் சுதைகள் பச்சை, நீலம், சிவப்பு என்று வண்ணத்தால்தான் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிகின்றன, வண்ணத்தை எடுத்துவிட்டால் அதில் பாதிக்கு மேல் ஒரே சாம்பலாகக் குழம்பிவிடும். பக்கவாட்டு வெயில் விழும்போது மட்டுமே ஒவ்வொரு சிலைக்கும் தனித்தனியே நிழல் விழுந்து உருவம் கிடைக்கும். வடக்கு, தெற்குக் கோபுரங்களுக்கு அதிகாலையும் அந்தியும் நல்லது. மேகமூட்டமான நாளில் வண்ணத்திலேயே எடுத்துவிடுங்கள்.

பழைய மதுரைப் படங்களில் வானம் ஏன் எப்போதும் வெள்ளையாகவே இருக்கிறது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மேலூர்)

அந்தக் காலத்து ரசாயனம் நீலத்தை மட்டும்தான் நன்றாக உணரும். கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் என்பவர் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தபோது 1858-இல் மதுரையைக் காகித நெகட்டிவ்களில் எடுத்தார், கோயிலும் மகாலும் தெப்பக்குளமும் அதில் வருகின்றன. அந்த நெகட்டிவில் நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். அது அவருக்கே பிடிக்காமல் சில நெகட்டிவ்களில் கையால் மேகம் தீட்டிச் சேர்த்திருக்கிறார்.

பின்னால் வந்த ஃபிலிம்கள் பச்சையையும் உணர்ந்தன, சிவப்பை உணரவில்லை. உங்கள் வீட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களில் குங்குமமும் வெற்றிலைச் சிவப்பும் மைக்கறுப்பாக இருப்பதும், ஆட்கள் நேரில் இருந்ததைவிடக் கறுத்துத் தெரிவதும் பெரும்பாலும் இதனால்தான். எல்லா நிறத்தையும் உணரும் ஃபிலிம் பரவிய பிறகுதான் சிவப்புக் கண்ணாடி வடிகட்டியை லென்ஸ் முன்னால் போட்டு வானத்தைக் கறுப்பாக்க முடிந்தது, அதற்கும் சுமார் 8 மடங்கு அதிக ஒளி கொடுக்க வேண்டும்.

அப்பாவின் பழைய ஃபிலிம் கேமரா பரணில் கிடைத்தது, கூடவே ஊட்டியில் தயாரான 'இந்து' ஃபிலிம் ரோல் ஒன்றும். போட்டுப் பார்க்கலாமா?
(வாசகர், சோழவந்தான்)

ரோலை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் அந்தத் தொழிற்சாலை மூடி வருஷக்கணக்காகிவிட்டது, அவ்வளவு பழைய ஃபிலிமில் மங்கல் ஏறிக் கறுப்பு கறுப்பாக வராது. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் மாதிரி இப்போது கிடைக்கும் புது ரோல் போடுங்கள், அதற்குமுன் பின்கதவோரத்து ஸ்பாஞ்ச் உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், உதிர்ந்திருந்தால் வெளிச்சம் உள்ளே கசியும். ஃபிலிமில் விதி டிஜிட்டலுக்கு நேர்மாறு, நிழலுக்கு அளந்து ஒளி கொடுக்க வேண்டும், வெளிச்சப் பகுதியை டெவலப் நேரத்தைக் குறைத்துக் கட்டுப்படுத்த வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு 400 ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் வேகம்) ஃபிலிமைக் கேமராவில் 200 என்று வைத்து எடுத்து, டெவலப் நேரத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.

போனில் அருமையாக இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம், பிரிண்ட் போட்டால் முகம் இருட்டாகவும் லேசாகப் பச்சை பாய்ந்தும் வருகிறது. கூடத்தில் மாட்ட வேண்டும்.
(வாசகர், அவனியாபுரம்)

போன் திரை தானே ஒளிர்கிறது, தாள் அப்படி இல்லை, அறை வெளிச்சத்தைத் திருப்பித்தான் காட்ட முடியும். திரைப் பிரகாசத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி வைத்துவிட்டுப் படத்தைச் சரிசெய்யுங்கள், அப்போது முகத்தின் நிழல் பக்கம் அடைத்துக்கொண்டு தெரிந்தால் அதை மட்டும் சற்றே ஏற்றுங்கள், பின்னணிக் கறுப்பைத் தொடாதீர்கள். பச்சை வருவதற்குக் காரணம் கலர் தாளில் அச்சடிப்பது. முதலில் சின்னதாக ஒரு பிரதி போடச் சொல்லி, பச்சை இருந்தால் லேபில் அதைத் திருத்தச் சொல்லிவிட்டுப் பெரிய பிரதிக்குப் போங்கள். பளபளப்புத் தாளில் கறுப்பு ஆழமாக இருக்கும், மேட் தாளில் கொஞ்சம் வெளிறும். சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்டுவதாக இருந்தால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், படத்தின் கறுப்புப் பகுதி முழுவதிலும் ஜன்னல்தான் தெரியும். ஜன்னல் இருக்கும் சுவருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள்.