சாதி இழிவு நிறைந்த பழைய ஆவணங்களை வகுப்பில் காட்டலாமா?

காட்டலாம். காட்டத்தான் வேண்டும். ஆனால் வாசிக்கிற குரல் ஆசிரியருடையதாக இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையின் வாயிலும் அந்த வரிகளைத் திணிக்கக் கூடாது. என் பதில் இவ்வளவுதான். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போய்விடலாம்.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் பணியில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை என்று தோன்றுகிறது. வெள்ளைக்காரர் காலத்து நூல்களிலும் அரசு ஆவணங்களிலும் சாதிகளைப் பற்றி அருவருப்பான விவரங்கள் இருக்கின்றன, மேல்நிலை வகுப்பில் அவற்றைப் பயன்படுத்தினால் பிரச்சினை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். "பாடப் புத்தகத்தில் இருப்பதை நடத்தினால் போதும்" என்று மூத்தவர் யாராவது உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார். என்னிடமும் சொன்னார்கள். சொன்னவர் நல்ல மனிதர். ஓய்வு பெறும்வரை ஒரு வம்பும் இல்லாமல் இருந்துவிட்டுப் போனார். அவர் நடத்திய வரலாறும் அப்படியே, ஒரு வம்பும் இல்லாமல் இருந்தது.

இராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், கடலோரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். மீனவர் வீட்டுப் பிள்ளைகள், மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகள், உள்ளே கண்மாய்க்கரை ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சாதி தெரியாது, ஆசிரியர்கள்தான் ஞாபகப்படுத்துகிறார்கள்" என்று இந்தத் தளத்திலேயே ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு வந்து, யார் எந்தப் பெஞ்சில் உட்காருகிறார்கள், யார் கையில் எந்தச் சாதியின் நிறத்தில் கயிறு இருக்கிறது என்று பார்க்கட்டும். நாங்குநேரியில் 2023இல் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே சாதி வெறியில் வெட்டியதற்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்களே, அந்த அறிக்கையில் கைக்கயிற்றைப் பற்றிச் சும்மாவா எழுதினார்கள்? பிள்ளைகளுக்குச் சாதி நன்றாகத் தெரியும். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதுதான் தெரியாது.

நான் எட்கர் தர்ஸ்டனிலிருந்து தொடங்குவேன். 1885இல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்தவர். எங்கள் கடற்கரைக்கு அவர் அந்நியர் அல்லர். மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பு, சங்குக் குளிப்பு பற்றி 1890இல் எழுதினார். பிறகு இராமேசுவரம் தீவைப் பற்றியும் அதைச் சுற்றியுள்ள கடல் உயிரினங்களைப் பற்றியும் எழுதினார். அதே மனிதர்தான் அளவுகோலை எடுத்துக்கொண்டு மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் ரங்காச்சாரியின் துணையோடு தொகுத்த ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். ரிஸ்லி என்ற அதிகாரி, மூக்கு அகலமாக ஆக சாதியின் மதிப்பு இறங்குகிறது என்று அந்த எண்ணை வைத்து வாதிட்டார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவரும் இந்த ரிஸ்லிதான்.

தர்ஸ்டனிலிருந்து ஏன் தொடங்குகிறேன் என்றால், அவர் யாரையும் விட்டுவைக்கவில்லை. வகுப்பில் உள்ள எல்லோருடைய தாத்தாவும் அந்தத் தொகுதிகளில் ஏதாவது ஒரு பக்கத்தில் மாட்டிக்கொண்டிருப்பார். ஒருவர் மட்டும் தலை குனிய வேண்டிய நிலை வராது.

அந்த மூக்குக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியதும் ஒரு பையன் ஜாமெட்ரிப் பெட்டியிலிருந்து கவராயத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவனின் மூக்குக்குப் போனான். "அதை உள்ளே வை" என்றேன். யாரும் யாரையும் அளக்கக் கூடாது என்பது என் வகுப்பில் விதி. கை வைத்து அளந்து பார்த்தால்தான் பிள்ளைகளுக்குப் புரியும் என்று சிலர் சொல்வார்கள். அளந்தால் வகுப்பில் யாருக்கு எந்த எண் என்பது மட்டும்தான் நினைவில் நிற்கும், வேறொன்றும் நிற்காது. அப்போது பின்பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். அவனுடைய அப்பா நண்டு வலைக்காரர். "டீச்சர், நண்டை அளக்கிறவன் விலை வைப்பதற்காக அளப்பான். இவர் எதற்கு அளந்தார்?" என்று கேட்டான். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பக்கம் பக்கமாக இழுக்கிற கேள்வி இது.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குப் போனேன். 1871இல் வடக்கே வந்த சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியை வைத்தே ஆளைக் குற்றவாளி என்று பதிவு செய்து, கைரேகை வாங்கி, இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்னார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அது ஒழிந்தது. எங்கள் மாவட்டத்து ஆப்பநாட்டுப் பக்கம் அந்தச் சட்டம் பாய்ந்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்பிலும் உண்டு. அன்று அவர்கள்தான் அதிகம் பேசினார்கள்.

அதற்குப் பிறகுதான் ஹட்டனை எடுப்பேன். 1931 கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஹட்டன், சாதியைப் பற்றி 1946இல் வெளியிட்ட நூலில் எங்கள் மாவட்டத்தைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. 1930 டிசம்பரில் ஒரு சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது, பூச்சூடக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, ஆடு மாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பதும் அந்தப் பதினொன்றில் இருந்தது.

தடை விதித்த சாதியின் பெயர் ஹட்டன் நூலில் அச்சில் இருக்கிறது. இங்கே எழுதவில்லை, வகுப்பிலும் சொல்லவில்லை. நகல் எடுக்கும்போது இரண்டு தரப்பின் பெயர் மேலும் காகிதத்தை ஒட்டி மறைத்துத்தான் எடுத்தேன். 'குற்றம் செய்தவனைக் காப்பாற்றுகிறாய்' என்று ஒரு கூட்டம் பாயும், 'மறைத்தால் மட்டும் தெரியாதா' என்று இன்னொரு கூட்டம் சிரிக்கும். தெரியும் ஐயா, எல்லோருக்கும் தெரியும். ஒரு பெயரை உரக்கச் சொன்னதும் நாற்பது தலைகள் ஒரு பெஞ்சின் பக்கம் திரும்புமே, அதைத் தடுப்பதற்காகத்தான் மறைத்தேன். கல்லூரியில் நடத்துகிறவர்கள் மறைக்கத் தேவையில்லை. பதினேழு வயதுப் பிள்ளைகள், மாலையில் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள். அவர்கள் வீடு போய்ச் சேர்வது வரைக்கும் என் பொறுப்பு.

இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் கிடைக்கிற நாளில்தான் இதை நடத்துவேன். தடைகளோடு மணி அடித்துவிடக் கூடாது. 1924இலேயே பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது, 1938இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த சமூகத் தடை நீக்கச் சட்டம், பிறகு தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு எல்லாவற்றையும் அதே மூச்சில் சொல்லிவிடுவேன். இன்னொன்று. இரண்டு தலைவர்களின் நினைவு நாட்கள் வந்து பதற்றம் கூடுகிற செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்தப் பாடத்தைத் தொடவே மாட்டேன். 1957இல் முதுகுளத்தூரில் நடந்த சாதிக் கலவரத்தைப் பற்றி வகுப்பில் எந்த மாதத்திலும் பேசுவதில்லை. காரணம் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். கூட்டம் கூடத் தடையுத்தரவு போட்ட வாரத்தில் பாடத்திட்டத்தை முடிப்பதே பெரும்பாடு. கோழை என்று சொல்கிறவர்கள் இங்கே மாறுதல் வாங்கிக்கொண்டு வாருங்கள், பணியிடம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். மறுநாள் காலையில் ஒரு மாணவனின் பெரியப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, கூடவே இரண்டு பேர். "ஏம்மா டீச்சர், எங்கள் ஆட்களைக் கேவலப்படுத்திப் பாடம் நடத்துகிறீர்களாமே?" என்றார். தாளைக் கையில் கொடுத்து, "இதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குற்றப் பரம்பரைச் சட்டம் நடத்தின தாளையும் கொடுத்தேன். அதை நின்றபடியே படித்துவிட்டு, "இதை நடத்துங்கள், நல்லது. அது எதற்கு?" என்றார். இரண்டும் ஒரே பாடம் என்றேன். முனகிக்கொண்டே போனார். இவரைச் சமாளிப்பது கஷ்டமே இல்லை.

சாயங்காலம் வந்தவர்தான் கஷ்டம். அவருடைய மகள் முதல் பெஞ்சில் உட்காருகிற பிள்ளை. கோபமாக வரவில்லை, அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். செருப்போடு வாருங்கள் அண்ணே என்று சொன்னேன், கேட்கவில்லை. "எங்கள் அப்பத்தா கடைசிவரைக்கும் ரவிக்கை போட்டதில்லை டீச்சர். ஏன் என்று கேட்டால், வெயிலுக்கு இதுதான் இதம் என்று சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி பிள்ளை வந்து, அது பொய் அப்பா என்கிறது" என்றார். பிறகு, "இது தெரிந்து அவள் என்ன செய்யப் போகிறாள்?" என்று கேட்டார்.

படித்த பிள்ளைக்குத் தன் வீட்டு வரலாறு தெரிய வேண்டும் என்று ஏதோ சொன்னேன். அவள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்காதபடி நடத்தினேன் என்றும் சொன்னேன். "அதை அவளும் சொன்னாள்" என்றார். சமாதானம் ஆனார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. ஆனாலும் மகளை அடுத்த நாளும் அனுப்பினார், நானும் அடுத்த ஆண்டும் அதே தாளை எடுத்தேன்.

இந்தக் காட்சிகளை நாடகமாகப் போடச் சொல்லும் பயிற்சி வகுப்புகள் உண்டு. ஒருவன் பண்ணையார், ஒருவன் பண்ணையாள், குடையைப் பிடுங்குவது போல நடிக்க வேண்டுமாம். வேறொரு பள்ளியில் அப்படிப் போட்டார்கள். பண்ணையாள் வேடம் எந்தப் பையனுக்குக் கிடைத்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த வேடத்தின் பெயரே அவனுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. ஆவணத்தை ஆவணமாகப் படியுங்கள். யார் எழுதியது, எந்த ஆண்டு, யாருக்காக என்று கேளுங்கள். நடிக்க வேண்டாம்.

நகல் எடுக்கிற காசு சொந்தக் காசுதான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பள்ளி நூலகப் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், போன தலைமை ஆசிரியர் காலத்திலிருந்து ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுகிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரிந்தே இதையும் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற விரைவுப் பேருந்துகள் எங்கள் நிறுத்தத்தில் நிற்பதே இல்லை. கையைக் காட்டினால் ஓட்டுநர் கடலைப் பார்க்கிறார். இதனால் கண்மாய்க்கரைப் பிள்ளைகளுக்கு முதல் பாடவேளை தினமும் போகிறது. வரலாறு முதல் பாடவேளையில் வந்தால் யாருக்கு நடத்துவது? மனு கொடுத்தோம், 'பரிசீலனையில் உள்ளது' என்று தாள் வந்தது, அதையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்த நூல், எந்தப் பக்கம், எந்தப் பாட அலகோடு சேர்கிறது என்று பாடக்குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரியப்பாக்கள் வந்து நிற்கும்போது வாய்வார்த்தையாகச் சொன்னதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பள்ளியின் பெயர் கேட்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்ப வேண்டாம், சொல்ல மாட்டேன்.