நீதிமன்றக் கட்டடம் எழும்பும். வேலை எந்தக் கோப்பில் இருக்கிறது?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதியுள்ள தந்தைக்கு,

வணக்கம் ஐயா. தங்கள் மகள் பி.இ. சிவில் இறுதியாண்டில் இருப்பதாகவும், ஊருக்கு அருகே நீதிமன்ற வளாகம் வரப்போவதாகக் கேள்விப்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே வேலை வரும்வரை வீட்டிலிருந்தே படிக்கச் சொல்லலாமா, அல்லது மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர்த்துவிடலாமா என்பது தங்கள் கேள்வி. விடைக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கட்டடத்துக்கான பணமும், கட்டடத்துக்குள் உட்காரப்போகும் ஆட்களும் அரசில் ஒரே கோப்பில் வருவதில்லை.

கீழமை நீதிமன்றக் கட்டடங்களுக்கு 1993-94 முதல் மத்திய அரசின் உதவித் திட்டம் ஒன்று நடைமுறையில் உள்ளது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் செலவில் நூற்றுக்கு 60 பங்கு மத்திய அரசுடையது, 40 பங்கு மாநில அரசுடையது. 2021-22 முதல் 2025-26 வரை இதற்கு மொத்தம் 9,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இந்தப் பணத்தில் நீதிமன்ற அறைகள், நீதிபதிகள் குடியிருப்பு, வழக்கறிஞர் கூடம், கழிப்பறைத் தொகுதி, கணினி அறை ஆகியவற்றைக் கட்டலாம். ஒரு எழுத்தருக்குக்கூட இதிலிருந்து சம்பளம் கொடுக்க முடியாது. சம்பளம் மாநில வரவு செலவுத் திட்டத்தில், நீதி நிருவாகம் என்ற 3-ஆம் எண் மானியக் கோரிக்கையின் கீழ் வரவேண்டும். அதற்கு முன் இத்தனை பணியிடங்கள் என்று எண்ணிச் சொல்லும் தனி அரசாணை வேண்டும். ஆகவே செய்தித்தாளில் அடிக்கல் நாட்டு விழாப் படத்தைப் பார்ப்பதைவிட, பணியிடங்களைத் தோற்றுவிக்கும் அரசாணை வந்ததா என்று பாருங்கள்.

அந்த அரசாணை வந்தாலும், அதிலுள்ள சிரஸ்தார் (அலுவலகத் தலைமை எழுத்தர்), பெஞ்ச் கிளார்க் (நீதிபதிக்கு உதவும் எழுத்தர்), அமீனா (நீதிமன்ற ஆணையை நிறைவேற்றுபவர்), தட்டச்சர் போன்ற பணியிடங்களில் எதற்கும் பொறியியல் பட்டம் தேவையில்லை. இளநிலை உதவியாளரும் தட்டச்சரும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு வழியாக வருகிறார்கள். கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. 2024-இல் கட்டளைப் பணியாளர் (பெய்லிஃப்), ரீடர், அலுவலக உதவியாளர் முதலிய பணிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றமே நேரடியாக அறிவிக்கை வெளியிட்டது. நல்ல வேலைகள்தாம். ஆனால் நான்கு ஆண்டு சிவில் படித்த பெண்ணை அதற்காகக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தங்கள் மகளுக்கான இடம் அதே கட்டடத்தின் மறுபக்கத்தில், பொதுப்பணித் துறையில் இருக்கிறது. நிலத்தை வருவாய்த் துறை ஒதுக்கிய பிறகு மதிப்பீடு தயாரிப்பது, நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் பெறுவது, 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர் விடுவது, வேலையை அளந்து பில் போடுவது எல்லாமே அந்தத் துறையின் கட்டட அமைப்பில் நடக்கின்றன. காவல் நிலையங்களையும் காவலர் குடியிருப்புகளையும் 1981-இல் தொடங்கப்பட்ட காவலர் வீட்டுவசதிக் கழகம் கட்டுகிறது. அங்கும் சிவில் பொறியாளர்கள் உண்டு.

உதவிப் பொறியாளரின் அன்றாடம் எப்படியிருக்கும் என்று மகளிடம் சொல்லுங்கள். கான்கிரீட் ஊற்றும் நாளில் 150 மில்லிமீட்டர் கனசதுர அச்சுகளில் மாதிரி எடுத்து, 7 நாளிலும் 28 நாளிலும் நசுக்கி வலிமை பார்க்க வேண்டும். அளந்தவை எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில், எண்ணிட்ட பக்கங்களில், மையால் ஏறும். தாளைக் கிழிக்கக் கூடாது, தவறானதை அடித்துத் தேதியோடு சுருக்கொப்பம் இட வேண்டும். பின்னாளில் தணிக்கைக்காரர் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான். நம் டெல்டாவில் இன்னொரு சிரமமும் உண்டு. களிமண் ஆழமாக இருக்கும் இடங்களில் அடித்தளத்துக்கே பைல் எனப்படும் ஆழ்தூண்களை இறக்க வேண்டியிருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் குழி தோண்டவே முடியாது, நிதியாண்டோ மார்ச் 31-இல் முடிந்துவிடும். ஆகவே தை முதல் பங்குனி வரை வேலையும் பில்லும் ஒருசேர நெருக்கும். அந்த நெருக்கடியில் ஒப்பந்ததாரர் நீட்டும் அளவை அப்படியே எழுதாமல், தானே டேப் பிடித்து அளந்து எழுதும் மனம் மகளுக்கு உண்டா என்பதைத் தாங்கள்தான் அறிவீர்கள்.

சட்டப் படிப்பைப் பொறுத்தவரை, வாதாடுவதில் அவருக்கே ஆசை இருந்தாலொழிய வேண்டாம் என்பேன். சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் விதித்துவிட்டது. படிப்புக்கு மூன்று, அனுபவத்துக்கு மூன்று என ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் தேர்வே தொடங்கும், அதுவரை பெரிய வருமானமும் இராது.

வேதியியல் படிக்கும் இளைய மகனைப் பற்றி ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு வரவேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஐந்து ஆண்டுக்குள் செயற்படுத்த வேண்டும். நீதித் துறையைச் சுற்றி ஆள் தேவை கூடப்போகும் இடம் அதுவே என்பது என் கணிப்பு. முதுநிலைப் பட்டம்வரை அவரைப் படிக்க வையுங்கள்.

நீதிமன்றத்தில் வேலை வாங்கித் தருவதாக உறவினர் ஒருவர் முன்பணம் கேட்டிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இல்லாத பணியிடத்தை யாராலும் வாங்கித் தர முடியாது. இருக்கும் பணியிடம் தேர்வு வழியாகத்தான் நிரம்பும்.

மகள் வீட்டில் சும்மா இருந்து படிக்க வேண்டியதில்லை. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் வேலைக்குச் சேரட்டும். மாலையில், உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வுக்குப் படிக்கட்டும். அதில் தமிழ்த் தகுதித் தேர்வில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம்வரை தமிழ்வழியிலேயே படித்திருந்தால் 20 விழுக்காடு பணியிடங்களில் முன்னுரிமை உண்டு. அதற்குத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்று வேண்டும் என்பதால், அறிவிக்கைக்குக் காத்திராமல் இந்த மாதமே பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.