மரச் செஸ் காய்களுக்கு எண்ணெயா, மெழுகா?

கேள்வி: நான்கு வருடங்களுக்கு முன் அமிர்தசரஸில் செய்த மரச் செஸ் செட் ஒன்று வாங்கினோம். வெள்ளைக் காய்கள் பாக்ஸ்வுட், கறுப்புக் காய்கள் ஷீஷம். பலகையின் கறுப்புக் கட்டங்களும் ஷீஷம்தான். பிள்ளைகள் தினமும் விளையாடி, காய்கள் மங்கி அழுக்கேறிவிட்டன. தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்கிறார் மாமனார். பெயிண்ட் கடையில் ஆளிவிதை எண்ணெய் வாங்கச் சொல்கிறார்கள். எது சரி? – ஒரு வாசகர், மதுரை.

பதில்: தேங்காய் எண்ணெயை மட்டும் தொடாதீர்கள். தடவிவிட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. ஆளிவிதை, டங் (சீன மரம் ஒன்றின் விதையிலிருந்து எடுப்பது), வால்நட் எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகி, கெட்டிப்பட்டுவிடும். தேங்காய் எண்ணெய் எத்தனை மாதம் ஆனாலும் இறுகாது. மரத்தின் மேல் எண்ணெயாகவே நின்று தூசியைப் பிடிக்கும். நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். காயின் அடியில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துணியிலும் ஊறும். விளக்கெண்ணெயும் அப்படித்தான்.

சரி, எதைத் தடவுவது என்று முடிவு செய்யும் முன், மரத்தின் மேல் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். பலகையின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துப்போல் உருண்டு நின்றால் மேலே லாக்கரோ (கெட்டிப் படலமாகக் காயும் பூச்சு) வேறு பாலிஷோ இருக்கிறது. ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சி அந்த இடம் கறுத்தால், மரம் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கிறது. ஒரு சிப்பாயின் அடிப்பகுதியிலும் இதையே செய்து பார்த்துத் துடைத்துவிடுங்கள். லாக்கர் அடித்த மரத்துக்குள் எண்ணெய் இறங்காது. மேலே பிசுபிசுவென்று நிற்கும். அதற்கு மெழுகு மட்டும்தான்.

காய்களைப் பொறுத்தவரை, லாக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் மெழுகைத்தான் சொல்வேன். ஷீஷம், ஈட்டி மரத்தின் இனம். இந்த இனத்து மரங்கள் பலவற்றில் உள்ள இயற்கைச் சாறு, மேலே தடவும் எண்ணெயைச் சீக்கிரம் இறுக விடாது. பத்து நாள் கழித்துத் தொட்டாலும் கை ஒட்டும். பாக்ஸ்வுட்டில் வேறு பிரச்சினை: ஆளிவிதை எண்ணெய் அதை மஞ்சளாக்கும். காய்களைப் பெட்டியில் மூடி இருட்டில் வைத்தால் மஞ்சள் இன்னும் கூடும். அந்த இளந்தந்த நிறத்துக்காகத்தானே பாக்ஸ்வுட் வாங்குகிறோம்!

எந்த மெழுகு என்பதில் உங்கள் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், ஆனால் அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில், வியர்த்த கையோடு விளையாடினால் வெறும் தேன்மெழுகு பூசிய ராஜாவில் விரல்ரேகை பதியும். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். நல்ல கடினம், நல்ல மினுமினுப்பு. ஆனால் தனியாகப் பூச முடியாத அளவுக்குக் கெட்டி. அதனால் இரண்டும் கலந்த பேஸ்ட் மெழுகாக வாங்குங்கள். செலவு செய்யத் தயார் என்றால், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகு இன்னும் மேல். 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் அருங்காட்சியகப் பொருள்களுக்காக உருவாக்கிய ரெனைசன்ஸ் வாக்ஸ் இந்த வகைதான். விலை அதிகம், ஆனால் ஒரு சிறிய டப்பா பல வருடம் வரும். சிலிகான் கலந்த ஸ்ப்ரே பாலிஷ் வேண்டவே வேண்டாம்; பின்னால் எந்தப் பாலிஷும் சரியாகப் பிடிக்காது.

முதலில் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து அழுக்கைத் துடைத்து, காய்களை ஒரு நாள் உலர விடுங்கள். அப்புறம் பழைய பனியன் துணியில் அரிசி அளவு மெழுகு எடுத்து, ஒரு காய் முழுக்க மெல்லியதாகத் தேயுங்கள். கால் மணி நேரம் விட்டு, வேறு துணியால் அழுத்தித் துடையுங்கள். குதிரையின் பிடரி இடுக்கில் மெழுகு தேங்கினால் காய்ந்ததும் வெள்ளையாகத் தெரியும். மெத்தென்ற டூத் பிரஷ் போதும். தினமும் விளையாடும் செட்டுக்கு வருடம் இரண்டு முறை தாராளம்.

இன்னொன்று. சாயம் ஏற்றிய கறுப்புக் காய்கள் உள்ள செட்டுக்கு இதைச் செய்பவர்கள், மெழுகிலுள்ள டர்பன்டைன் போன்ற திரவம் சாயத்தை எடுக்கிறதா என்று அடிப்பகுதியில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பலகை லாக்கர் அடித்தது என்றால் அதற்கும் இதே மெழுகுதான். தண்ணீரை உறிஞ்சினால் மட்டும் எண்ணெய் கொடுக்கலாம். என் தேர்வு டங் அல்லது வால்நட் எண்ணெய். ஆளிவிதை அளவுக்கு மஞ்சளாகாது. கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில், அதாவது சீக்கிரம் காயும்படி பக்குவம் செய்த ஆளிவிதை எண்ணெய்தான் கிடைக்கிறது என்றால் அதுவும் வேலை செய்யும், வெள்ளைக் கட்டங்கள் சற்று மஞ்சளாகும். உப்புத்தாள் போட்டால் ஷீஷம் தூள் வெள்ளைக் கட்டங்களின் துளைகளில் போய் அடையும். பிரஷ்ஷால் முழுவதும் தட்டி எடுங்கள். எண்ணெயைச் சன்னமாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சமெல்லாம் துடைத்துவிடுங்கள். அது பிசுக்கில்லாமல் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. ஷீஷம் கட்டங்கள் தாமதிக்கும், அவசரப்படாதீர்கள். இரண்டு பூச்சு போதும். இரண்டு வாரம் கழித்து மேலே மெழுகு. மெழுகை முதலில் பூசினால் எண்ணெய் உள்ளே இறங்காது.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். இறுகும்போது இந்த எண்ணெய்கள் வெப்பத்தை விடும். சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் தங்கினால் தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் பளபளக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். போட்டிக் காய்கள் பளபளக்கக் கூடாது என்றுதான் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியும் சொல்கிறது. விளக்கொளி கண்ணில் அடிக்காத, கைக்கு வழவழப்பான மங்கல் மினுமினுப்புதான் நமக்குத் தேவை.

மெழுகு வந்ததும் முதலில் இரண்டு சிப்பாய்களுக்கு மட்டும் பூசுங்கள், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. பிள்ளைகள் ஒரு வாரம் அவற்றோடு விளையாடட்டும். கையில் ஒட்டவில்லை, நிறம் மாறவில்லை என்றால் மீதி முப்பதையும் எடுங்கள்.